ருமேனியச் சொல்லில் ‘வ்’ எங்கே போனது?

மூன்று வாரமாக ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன். ஹங்கேரியனில் நகரத்துக்கு ‘வாரோஷ்’, ருமேனியனில் ‘ஒராஷ்’. ஹங்கேரியனிலிருந்து வந்த சொல்தான். ஆனால் முதலிலிருந்த ‘வ்’ காணவில்லை. ஆ-ஓ என்றிருந்த உயிர்களும் ஓ-ஆ என்று இடம் மாறிக் கிடக்கின்றன.

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் தங்கி இரு மொழிகளையும் கற்று வருகிறேன். கடன்சொற்களைப் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டேன். பலவற்றில் ஒழுங்கு தெரிகிறது. ‘ஹோர்தோ’ (பீப்பாய்) ‘ஹர்தௌ’ ஆகிறது. பழைய ஹங்கேரியனில் அந்தக் கடைசி ஓ, ‘ஓவ்’ போன்ற இரட்டை உயிராக இருந்ததாம், அதனால் புரிகிறது. வினைகளுக்கு ‘உயி’ ஒட்டுகிறது: செலவிடு என்ற ‘கொல்த்’, ‘கெல்துயி’. கவலையைக் குறித்த ‘கோந்த்’ இங்கே ‘கிந்த்’ ஆகி வெறும் எண்ணமாகிவிட்டது. கவலைப்படுபவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே!

சுங்கத்தைக் குறிக்கும் ‘வாம்’ என்ற சொல்லோ ‘வ்’ கெடாமல் ‘வம’ என்று நிற்கிறது. ஆகவே ‘சொல் முதலில் வ் விழும்’ என்ற என் விதி அங்கேயே உடைந்தது. அகராதிகள் மூலச்சொல்லைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன.

‘வம’வில் நின்ற ‘வ்’, ‘ஒராஷ்’ஷில் மட்டும் விழுந்தது ஏன்?