மோட்டார் அதிர்வு டேட்டா: எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்புவதா, எட்ஜிலேயே சுருக்கிவிடுவதா?

சுழலி (கேள்வி)

வணக்கம். 24 இண்டக்‌ஷன் மோட்டார்களில் அதிர்வு சென்சார் பொருத்தி நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு ஏடிஎக்ஸ்எல்345 அதிர்வு சென்சார், பக்கத்திலேயே அதைப் படித்து அனுப்பும் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப். நொடிக்கு 3200 சாம்பிள் (அளவீடு), மூன்று அச்சிலும். எல்லாம் வைஃபையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்கு (சுருக்கமாகப் ‘பை’) வருகிறது, அது எதையும் தொடாமல் எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகக் கிளவுடுக்குத் தள்ளிவிடுகிறது.

ஒரு சாம்பிளுக்கு 6 பைட் என்று வைத்தால் ஒரு மோட்டாருக்கு நொடிக்கு 19,200 பைட், 24-க்கும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 40 ஜிபி பக்கம் போகிறது. லைன் தாங்கவில்லை. நெட் மெதுவாகும் நேரத்தில் வரிசை பெருகி, பையின் மெமரி நிரம்பி, பழைய பாக்கெட்டுகள் விழுந்துவிடுகின்றன. கிளவுடு சேமிப்புக்கான பில்லும் மாதாமாதம் ஏறுகிறது, சேர்ந்துகிடப்பதில் பெரும்பகுதியை நாங்கள் திறந்து பார்த்ததே இல்லை.

இதை அமைத்துத் தந்தவர்கள் இப்போது ஒரு யோசனை சொல்கிறார்கள். எட்ஜ் கம்ப்யூட்டிங்குக்கு, அதாவது டேட்டா பிறக்கும் இடத்திலேயே கணக்குப் போடுவதற்கு மாறிவிடலாம், ஈஎஸ்பி32-இலேயே 10 நொடிக்கு ஒரு ஆர்எம்எஸ் (அதிர்வின் மொத்த அளவைச் சொல்லும் ஒற்றை எண்) கணக்கிட்டு அதை மட்டும் அனுப்பினால் போதும், மூல டேட்டா எதற்கு என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம் 11-ஆம் மோட்டாரின் பேரிங் போனது. கழற்றிப் பார்த்தால் வெளி வளையத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குக் குழி. ஆர்எம்எஸ் வரைபடமோ கடைசி இரண்டு நாள் வரைக்கும் நேர்கோடு. பழைய மூல டேட்டாவை எடுத்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கைப் போட்டபோதுதான் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே 93, 94 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு மெல்ல வளர்ந்து வந்தது தெரிந்தது. ஆர்எம்எஸ் மட்டும் கையில் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

ஆக, எதை எட்ஜில் செய்வது, எதை மேலே அனுப்புவது, எதைத் தூக்கி எறியலாம்? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எங்கள் மோட்டார்கள் 1480 ஆர்பிஎம், அப்படியானால் சுழற்சி முகடு 24.7 ஹெர்ட்ஸில் வரவேண்டும். எல்லா மோட்டாரிலும் 26-இல் வருகிறது. சென்சாரின் பிழை என்று இதுவரை விட்டுவிட்டோம்.

கம்பியில்லான்

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான், ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். ஆர்எம்எஸ் என்பது மொத்த ஆற்றலின் சராசரி மாதிரி. பேரிங்கில் விழும் சின்னக் குழி அந்த மொத்தத்தில் ஒரு துளிகூட இல்லை, மோட்டாரின் சாதாரண அதிர்வுக்குள் மறைந்துவிடும். அது ஆர்எம்எஸ்ஸில் தெரிய வரும்போது பேரிங் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எட்ஜ் என்று சொல்லும்போது இரண்டு வேறு இடங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சென்சார் ஒட்டியிருக்கும் ஈஎஸ்பி32 ஒன்று, எல்லாவற்றையும் வாங்கி வெளியே அனுப்பும் கேட்வேயாக இருக்கும் பை இன்னொன்று. உங்களுக்குத் திணறுவது வெளியே போகும் லைன் மட்டுமே. உள்ளே வைஃபையில் 24 நோடும் (சென்சாரும் அதன் ஈஎஸ்பி32-உம் சேர்ந்தது ஒரு நோடு) சேர்ந்து நொடிக்கு 4 மெகாபிட்டுக்கும் குறைவாகத்தான் அனுப்புகின்றன, அதைச் சாதாரண ரவுட்டர் தாங்கும். அப்படியிருக்க மூல டேட்டாவை நோடிலேயே ஏன் கொல்ல வேண்டும்? அதைப் பை வரைக்கும் வரவிட்டு, கணக்கையெல்லாம் பையில் போடுங்கள். பையில் ஓடும் நிரலைப் பைத்தான் (Python) மொழியில் எழுதி ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம். 24 ஈஎஸ்பி32-க்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் நிரல்) மாற்றுவது அப்படி இல்லை, பாதியில் ஒன்று நின்றுபோனால் ஏணி போட்டு ஏற வேண்டும்.

பையில் ஒரு 1 டிபி எஸ்எஸ்டி மாட்டினால் நாளுக்கு 40 ஜிபி வீதம் 25 நாள் மூல டேட்டா அப்படியே நிற்கும், நிரம்பினால் பழையதிலிருந்து அழித்துக்கொண்டு வரச் சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வருடத்துக்கு 15 டிபிகூட எழுதமாட்டீர்கள், சாதாரண 1 டிபி எஸ்எஸ்டிகளுக்கே எழுத்து வரம்பு நூற்றுக்கணக்கான டிபி. உங்கள் 11-ஆம் மோட்டார் மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்கிறது, 25 நாள் என்றால் அந்தக் கதை முழுவதும் உங்கள் கையில் இருந்திருக்கும், கிளவுடுக்கு ஒரு பைட்கூடப் போகாமல்.

மேலே அனுப்ப வேண்டியது 10 நொடிக்கு ஒரு மோட்டாருக்கு 100 பைட் அளவில் ஒரு சுருக்கம். ஆர்எம்எஸ் இருக்கட்டும், அதோடு உச்ச அளவு, கர்ட்டோசிஸ் (அதிர்வில் திடீர்த் தட்டல்கள் எவ்வளவு என்று காட்டும் எண்), அப்புறம் பத்துப் பதினைந்து அலைவரிசைப் பட்டைகளில் தனித்தனியாக ஆற்றல். 24 மோட்டாருக்கும் நாளுக்கு 21 எம்பி போதும். கர்ட்டோசிஸை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நல்ல பேரிங்கில் 3-ஐ ஒட்டி இருக்கும், குழி விழுந்து தட்டத் தொடங்கியதும் ஏறும், ஆனால் சேதம் வளையம் முழுக்கப் பரவியதும் திரும்ப இறங்கிவிடும். இறங்கியதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்தால் போச்சு.

சுருக்கத்தில் ஏதாவது எல்லை தாண்டினால் அந்த நேரத்தின் 10 நொடி மூல டேட்டா மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் தினம் ஒரு முறை 5 நொடித் துண்டு ஒன்றை அனுப்பி வையுங்கள். பின்னால் ஒரு மாடல் பழக்க நினைத்தால் ‘நலமாக இருந்தபோது எப்படி இருந்தது’ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஹெர்ட்ஸ்

எல்லாரும் 26-ஐத் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேராக ஓடும் நான்கு துருவ மோட்டார் என்றால் அதன் ஒத்திசைவு வேகமே (உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம்) 1500 ஆர்பிஎம், அதாவது 25 ஹெர்ட்ஸ். இண்டக்‌ஷன் மோட்டார் அதற்குக் கொஞ்சம் கீழேதான் ஓடும். வேகம் மாற்றும் டிரைவ் எதுவும் இல்லையென்றால் 26 வரவே வழியில்லை. 24.67-ஐ 26-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.949. உங்கள் சாம்பிள்களில் 100-க்கு 5 காணாமல் போகிறது, நிரலோ இன்னும் நொடிக்கு 3200 வருகிறது என்று நம்பி எஃப்எஃப்டி போடுகிறது. நடுவில் சாம்பிள் விழுந்தால் அலை சுருங்கும், சுருங்கினால் எல்லா முகடும் மேலே தள்ளிப்போகும்.

உங்கள் பேரிங்கில் 9 குண்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். வெளி வளையக் குழிக்குத் தோராயக் கணக்கு 0.4 × குண்டுகளின் எண்ணிக்கை × சுழற்சி. 9 என்றால் 0.4 × 9 × 24.7, கிட்டத்தட்ட 89. நீங்கள் பார்த்தது 93, 94. அதை 26-ஆல் வகுத்தால் 3.6, அதாவது 0.4 × 9. விகிதம் அப்படியே பொருந்துகிறது. இரண்டு முகடும் ஒரே அளவு தள்ளிப்போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

எங்கே விழுகிறது என்றும் என்னால் ஊகிக்க முடிகிறது. ஏடிஎக்ஸ்எல்345-க்குள் இருக்கும் எஃப்ஐஎஃப்ஓ பஃபர், அதாவது படிக்கும்வரை சாம்பிள்களை வரிசையாக வைத்திருக்கும் தற்காலிக இடம், 32 சாம்பிள்தான் பிடிக்கும். 3200 வேகத்தில் அது 10 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். ஈஎஸ்பி32 அந்த நேரத்தில் வைஃபையில் பாக்கெட் அனுப்பிக்கொண்டு நின்றால் சென்சார் காத்திருக்காது, புதியது வரப் பழையது போய்விடும். சென்சாரைச் சிப்போடு ஐ2சி என்ற மெதுவான இணைப்பு முறையில் இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-க்கு நொடிக்கு 800 சாம்பிள் வரைதான் பரிந்துரை. 3200 வேண்டுமானால் அதைவிட வேகமான எஸ்பிஐ இணைப்புதான்.

இதைத்தான் எட்ஜ் பக்கம் போகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூல டேட்டா இருந்ததால் இந்த 5 சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. நோடிலேயே சுருக்கி எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் தப்பான எண் அழகாக வந்துகொண்டே இருந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அதனால் ஒவ்வொரு சுருக்கத்தோடும் அது எத்தனை சாம்பிளிலிருந்து வந்தது, எத்தனை முறை பஃபர் வழிந்தது, எந்த ஃபர்ம்வேர் பதிப்பு என்ற மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பத்துப் பைட் கூடும், கூடட்டும்.

சுழலி

எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்கு 1,92,000 சாம்பிள் வரவேண்டும், 1,82,300 வந்திருக்கிறது. பேரிங்கில் 9 குண்டுதான். நான்கு மாதமாக ஒவ்வொரு வரைபடத்திலும் கண்ணெதிரே இருந்த எண் இது, அதை விட்டுவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. இணைப்பு எஸ்பிஐ-தான், அதில் தவறில்லை. அனுப்பும் வேலையும் படிக்கும் வேலையும் ஒரே லூப்பில் இருப்பதுதான் காரணம் என்று தெரிகிறது. திருத்திவிட்டு வருகிறேன்.

மூன்றாம்ஷிப்ட்

திருத்தும்போது படிக்கும் டாஸ்கை ஈஎஸ்பி32-இன் ஒரு கோரில் (செயலிப் பகுதியில்) கட்டிவைத்துவிடுங்கள், வைஃபை இன்னொரு கோரில் ஓடட்டும், நடுவில் சாம்பிள்கள் காத்திருக்க ஒரு க்யூ. பஃபரில் 16 சாம்பிள் சேர்ந்ததும் ‘வந்து படி’ என்று சென்சார் கூப்பிடும் இண்டரப்ட் வரும்படி வைத்தால் 5 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும்.

கம்பியில்லான் சொன்ன ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நோடில் கணக்கு வேண்டாம் என்பது பிளக்கில் ஓடும் நோடுகளுக்குச் சரி. பேட்டரியில் ஓடுவதென்றால் கதை தலைகீழ், அங்கே கணக்குப் போடுவதைவிட ரேடியோவை எழுப்பி வைத்திருப்பதுதான் பேட்டரியைத் தின்னும். 4096 புள்ளி எஃப்எஃப்டிக்கு 32 கேபி மெமரி போதும், ஈஎஸ்பி32-இல் 520 கேபி இருக்கிறது, தாராளமாக முடியும். நாளைக்கு மின்சாரம் எட்டாத இடத்தில் சென்சார் வைக்க வேண்டி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் கேட்வே பற்றி யாரும் சொல்லாத இரண்டு தொல்லைகள். பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து நெட் மட்டும் வராமல் இருந்தால் அது பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். எனக்கு ஒரு முறை இப்படி ஆனது. ஆறு மணி நேர டேட்டா, ஏற்கெனவே பதிவான நேரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, எது முந்தி எது பிந்தி என்று பிரிக்க இரண்டு நாள் பிடித்தது. ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்கிச் சொருகுங்கள். அதோடு ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரிசை எண்ணும், நோடு எத்தனையாவது முறை பூட் ஆகியிருக்கிறது என்ற எண்ணும் இருக்கட்டும், கடிகாரம் பொய் சொன்னாலும் வரிசை பொய் சொல்லாது.

இரண்டாவது எஸ்டி கார்டு. நொடிக்கு நொடி அதில் எழுதினால் சீக்கிரம் போய்விடும், பல நேரம் அது போவதும் தெரியாது, எழுதிவிட்டேன் என்று சொல்லும், எழுதியிருக்காது. அனுப்பக் காத்திருக்கும் செய்திகளை எஸ்எஸ்டியில் ஒரு எஸ்க்யூலைட் (சின்ன டேட்டாபேஸ்) கோப்பில் வைத்து, எம்க்யூடிடி செய்திகளை வாங்கும் சர்வரான புரோக்கர் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகே அழியுங்கள். எம்க்யூடிடியில் க்யூஓஎஸ் 1 (ஒரு முறையாவது சேரும் என்ற உறுதி) போதும், சில செய்தி இரண்டு முறை போகும், வரிசை எண்ணை வைத்து மேலே வடிகட்டிக்கொள்ளலாம்.

கம்பியில்லான்

பேட்டரி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், நான் பிளக்கை மனதில் வைத்துத்தான் எழுதினேன். சுழலி, பட்டைகளை இப்போதே இறுதியாக்காதீர்கள். சாம்பிள் திருத்திய பிறகு குறைந்தது நான்கு வாரம் மூல டேட்டாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதைத் தூக்கி எறியலாம் என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சென்சாரின் எல்லையும் நினைவில் இருக்கட்டும். 3200 சாம்பிள் என்றால் 1600 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும். பேரிங் சேதத்தின் ஆரம்ப அறிகுறிகள் பல கிலோஹெர்ட்ஸ் உயரத்தில்தான் முதலில் தலைகாட்டும். உங்களுக்கு மூன்று வாரம் முன்னறிவிப்பு போதுமென்றால் இதுவே நல்லது. அதற்கும் முன்னால் தெரிய வேண்டும் என்றால் முக்கியமான இரண்டு மூன்று மோட்டாருக்கு மட்டும் வேறு சென்சார் பாருங்கள்.

கிளவுடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரிங் தேய்வது வாரக்கணக்கில் நடக்கும் வேலை, இதில் மில்லி விநாடித் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. 24 மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மட்டும் தனியாக விலகுகிறது என்று பார்க்க மேலே இருப்பதுதான் வசதி.

சுழலி

ஆறு மோட்டாரில் புதிய ஃபர்ம்வேர் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நிமிடத்துக்கு 1,91,700 வருகிறது, பஃபர் ஒரு முறைகூட வழியவில்லை, மீதி வித்தியாசம் சென்சாரின் உள் கடிகாரம் என்று நினைக்கிறேன். சுழற்சி முகடு 24.7-இல் வந்து நிற்கிறது. முன்பு அகலமாகப் பரவிக் கிடந்தது இப்போது ஊசி மாதிரி இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் சின்ன முகடுகள்கூடத் தனியாகத் தெரிகின்றன.

எஸ்எஸ்டி சொல்லியாகிவிட்டது, கடிகார மாட்யூலும். ஆர்எம்எஸ் மட்டும் போதும் என்றவர்களிடம் இந்த இரண்டு வரைபடத்தையும் காட்டப்போகிறேன். இப்போது எனக்கு மீதி இருப்பது லோடு. சுமை கூடும்போது எல்லாப் பட்டையும் சேர்ந்து ஏறுகிறது, அதை வைத்து எல்லை போட்டால் தினமும் அலாரம் அடிக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்டையும் அளந்து, ஒரே சுமையில் இருக்கும் நேரங்களை மட்டும் ஒப்பிடலாமா என்று பார்க்கிறேன். யாராவது கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை ஈஎஸ்பி32-இன் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியில்) இணைத்திருந்தால், அளவு எவ்வளவு நம்பகமாக வந்தது என்று சொல்லுங்கள்.