பெண்டி விளையாட்டு, 2ஆம் பகுதி: இசைக்கருவிகளை வரிசைப்படி தட்டியும் சாமி லாரன்ஸின் அறை திறக்கவில்லை, ஒலிநாடாக் குரலும் கேட்கவில்லை

முதுநகர் மாணவன் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். 'பெண்டி அண்ட் தி இங்க் மெஷின்' என்ற திகில் கணினி விளையாட்டை ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடை வழியாக மடிக்கணினியில் நிறுவி, முதல் பகுதியைத் தடையின்றி முடித்துவிட்டேன். இரண்டாம் பகுதியில் இசைப் பிரிவுக்கு வந்த பிறகு மேற்கொண்டு நகர முடியவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கும் வயலின், பியானோ, டிரம் முதலிய கருவிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தட்டினால் இசை இயக்குநர் சாமி லாரன்ஸின் தனியறை திறக்கும் என்று அறிந்து, யூடியூபில் ஒருவர் செய்துகாட்டிய வரிசையையே பின்பற்றினேன். கதவு அசையவில்லை. கோப்புகள் பழுதாகியிருக்குமோ என்று ஸ்டீமில் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே வந்தது.

கூடவே வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்காங்கே வைக்கப்பட்டுள்ள ஒலிநாடாக்களை இயக்கினால், பின்னணி இசையும் மை சொட்டும் ஓசையும் தெளிவாகக் கேட்கின்றன. பேசுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. திரை முழுவதும் மஞ்சள் பூத்தாற்போல் தெரிவதும் இதனோடு தொடர்புடையதா என்று புரியவில்லை. ஒலிநாடாவில் பேசும் சாமியும், கேலிச்சித்திரப் பாத்திரமான பெண்டியின் முகமூடி அணிந்து மைக்குள் நடந்துபோகும் உருவமும் ஒருவர்தானா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

செம்மண்டலம்:

மஞ்சள் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1930களின் கேலிச்சித்திரப் படங்களை நினைவூட்டுவதற்காக, பழைய காகிதத்தின் நிறத்திலேயே இந்த விளையாட்டை அமைத்திருக்கிறார்கள். விண்டோஸில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதி இயங்கிக்கொண்டிருந்தால் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் இருட்டில் வழி தெரியாது.

குரலைப் பொறுத்தவரை, விளையாடும்போது டிஸ்கார்ட் செயலியில் நண்பர்களோடு பேசுகிறீர்களா? அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும் ஏற்பாடு விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பிரிவில் உள்ளது. அதில் 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

முதுநகர் மாணவன்:

நன்றி அண்ணா. நைட் லைட் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, அணைத்துவிட்டேன். ஆனால் நான் தனியாகத்தான் விளையாடுகிறேன்; அந்த ஒலி அமைப்பை மாற்றியும் குரலில் மாற்றமில்லை.

லாஸ்பேட்டை (புதுச்சேரி):

தம்பி, அந்த அமைப்பு காரணமாக இருந்திருந்தால் இசையும் சேர்ந்தே குறைந்திருக்கும். குரல் மட்டும் மறைகிறது என்றால் ஹெட்போனைத்தான் பார்க்க வேண்டும். ஹெட்போனின் செருகுமுனையில் ('பின்') இடது, வலது காதுகளுக்கு உரிய தொடுமுனைகளோடு, இரண்டுக்கும் பொதுவான தரைத்தொடர்பும் இருக்கிறது. அந்தப் பொதுத்தொடர்பு விட்டுப்போனால் இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வந்து சேரும். பேச்சுக்குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகவே பதிவார்கள் என்பதால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். இரு பக்கமும் மாறுபட்டு ஒலிக்கும் இசையும் எதிரொலியும் தப்பித்துவிடும். ஏதாவது ஒரு திரைப்பாடலைப் போட்டுப் பாருங்கள். பாடகர் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்டால் ஐயமே வேண்டாம்.

நம் கரையோரத்தில் இது வழக்கமாக வருவதுதான். கடற்காற்றின் உப்பு ஏறி, பின்னின் அடிப்பகுதியில் பச்சை பூத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, 'டக்' என்று உட்காரும்வரை செருகுங்கள். பலர் பின்னைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

உப்பனாறு (கடலூர்):

கதவுச் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாம் பகுதியின் கதை பின்வரும் வரிகளில் வெளிப்படும் என்பதால், அதை விரும்பாதவர்கள் இதைத் தாண்டிச் செல்லவும்.

யூடியூப் வரிசை உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த வரிசை மாறும். அவருக்கு வந்தது அவருடைய ஆட்டத்துக்கு மட்டுமே உரியது. உங்களுக்குரிய வரிசையைச் சாமியே தம் ஒலிநாடாவில் சொல்கிறார். தம் தனியறைக்குள் நுழைய விரும்புபவர் சாமிக்குப் பிடித்த பாட்டை அறிந்திருக்க வேண்டும் என்று கூறி, எந்தக் கருவிக்குப் பின் எது என்று ஒவ்வொன்றையும் வருணிப்பார். அந்த நாடா பூட்டிய சிற்றறைக்குள் இருக்கிறது. அதன் சாவியைத் துப்புரவுப் பணியாளர் வாலி ஃபிராங்க்ஸ் குப்பைத்தொட்டி ஒன்றில் தவறவிட்டிருப்பார். ஆகவே தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள்.

வரிசை சரியாக இருந்தாலும் புரொஜெக்டர் ஓடவில்லை என்றால் கதவு திறக்காது. இதை விளையாட்டு வேறெங்கும் அறிவிப்பதில்லை. புரொஜெக்டர் இயக்குநர் நார்மன் போல்க்கின் ஒலிநாடாப் புலம்பலில்தான் ஒளித்துவைத்திருக்கிறது. இசைக்குழுவினரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சாமி நார்மனின் புரொஜெக்டரை ஓடவிட்டுக் கூடத்துக்குத் தலைதெறிக்க ஓடுவதாகவும், சற்று நேரத்தில் புரொஜெக்டர் நின்றுவிடுவதாகவும், அதன்பின் சாமி நெடுநேரம் வெளியே வருவதில்லை என்றும் அவர் முறையிடுகிறார். நீங்களும் அதையே செய்ய வேண்டும்: மேலே சென்று புரொஜெக்டரை இயக்கிவிட்டு, அது நிற்பதற்குள் கீழே ஓடிவந்து கருவிகளைத் தட்டுங்கள். ஒரு கருவி தவறினாலும், நேரம் கடந்தாலும் மீண்டும் மேலே போக வேண்டியதுதான். சக ஊழியரின் மனத்தாங்கலையே செய்முறைக் குறிப்பாக மாற்றிய இந்த உத்தி, 5 பகுதிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒலிநாடாவில் பேசும் சாமியும் முகமூடி அணிந்த உருவமும் ஒருவர்தான். மையால் உருமாறிப்போன சாமி, பெண்டியைத் தெய்வமாகக் கருதி, நாயகன் ஹென்றியைப் பலியிட்டால் தமக்கு இந்த மையுடலிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்புகிறார். நார்மனின் குரலையும் மறந்துவிடாதீர்கள். மூன்றாம் பகுதியில் தலைக்குப் பதில் புரொஜெக்டர் பொருந்திய ஓர் உருவம் உங்களைத் துரத்தும்போது அது பயன்படும்.

செம்மண்டலம்:

ஒரு சிறு சேர்க்கை. இந்த விளையாட்டு 2017இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 2018இல்தான் நிறைவடைந்தது. தொடக்கப் பகுதிகளைப் பின்னர் புதுப்பித்தும் இருக்கிறார்கள். அதனால் பழைய காணொளிகளில் காணும் அறைகளும் உங்கள் திரையில் காண்பவையும் அப்படியே பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதுநகர் மாணவன்:

லாஸ்பேட்டை அண்ணா சொன்னபடி பாடலைப் போட்டபோது பாடகரின் குரல் அறவே இல்லை. பின்னைத் துடைத்துச் செருகியதும் குரல் வந்துவிட்டது. சிற்றறை நாடாவைக் கேட்டு, புரொஜெக்டரை ஓடவிட்டுத் தட்டியதில் கதவும் திறந்தது. என் வரிசை காணொளியில் இருந்ததைவிட முற்றிலும் வேறாக இருந்தது. உள்ளே இருந்த வால்வையும் திருப்பிவிட்டேன். ஆனால் கீழே கழிவுநீர்ப் பாதையில் தொப்பி அணிந்த மை உருவம் ஒன்று மற்றொரு வால்வின் கைப்பிடியை வைத்திருக்கிறது. நெருங்கினால் மைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. கோடரியும் கையில் இல்லை. என்ன செய்வது?

உப்பனாறு:

அவர் பாடலாசிரியர் ஜாக் ஃபைன். கூச்சல் இல்லாத இடம் தேடி அங்கே ஒதுங்கியவர். உங்களை அவர் தாக்க மாட்டார், அடிக்கவும் தேவையில்லை. மேலே ஒரு பெரிய பெட்டி தொங்குகிறது பாருங்கள். அதன் நேர்கீழே அவர் வந்து நிற்கும்வரை பொறுத்திருந்து நெம்புகோலை இழுத்தால் பெட்டி விழுந்து, கைப்பிடி உங்களுக்குக் கிடைத்துவிடும்.