தண்டர்பேர்டில் ஆர்க்கைவ் செய்தும் சர்வரில் இடம் காலியாகவில்லை

வடகாற்று (கேள்வி):

விண்டோஸில் தண்டர்பேர்ட் மெயில் மென்பொருள், ஐமேப் கணக்கு (மெயில் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் அதன் பிரதி). இன்பாக்ஸில் 40,000 மெயிலுக்கு மேல் இருக்கிறது. சர்வரில் இடம் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. 2020-க்கு முந்தையவற்றைத் தேர்ந்தெடுத்து 'ஏ' விசையை அழுத்தினேன். எல்லாம் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டருக்குப் போய்விட்டன, ஆனால் சர்வரில் துளி இடம்கூடக் காலியாகவில்லை. வேண்டாத மெயில்களை அழித்த பிறகும் கம்ப்யூட்டரில் உள்ள இன்பாக்ஸ் ஃபைல் அதே 11 ஜிபியில் நிற்கிறது. பழையவை கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் போதும், தேடினால் கிடைக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது?

மரப்பெட்டி:

'ஏ' அழுத்தினால் மெயில் எங்கே போகும் என்பதை அக்கவுன்ட் செட்டிங்ஸ்தான் முடிவு செய்கிறது. எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் அதே கணக்கின் ஆர்க்கைவ்ஸுக்குத்தான் போகும். அதுவும் சர்வரில் இருக்கிற ஃபோல்டர்தான். ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. இடம் எப்படிக் காலியாகும்?

அக்கவுன்ட் செட்டிங்ஸ் → காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் → மெசேஜ் ஆர்க்கைவ்ஸ். அங்கே கணக்கின் பெயருக்குப் பதிலாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' (கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் ஃபோல்டர்கள்) என்று மாற்றுங்கள். பக்கத்திலுள்ள ஆர்க்கைவ் ஆப்ஷன்ஸில் ஆண்டுவாரியாகப் பிரிக்கும் தேர்வு இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாதவாரியாகப் பிரித்தால் ஃபோல்டர்கள் குவிந்துவிடும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஃபைல் பெருத்துவிடும்.

இனி ஆர்க்கைவ் செய்யப்போகும் மெயிலுக்குத்தான் இது. ஏற்கெனவே சர்வர் ஆர்க்கைவ்ஸுக்குப் போனவற்றைக் கையால்தான் இறக்க வேண்டும்:

1. சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜில், எல்லா ஃபோல்டர்களின் மெயிலையும் கம்ப்யூட்டரில் வைக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இறக்கம் முழுக்க முடியும்வரை பொறுங்கள்.
2. லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்.
3. சர்வர் ஃபோல்டரைத் திறந்து 500 அல்லது 1,000 மெயிலாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் → காப்பி டு. 'மூவ் டு' வேண்டாம். பாதியில் இணைப்பு அறுந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடி அலைய வேண்டிவரும். காப்பி என்றால் மூலம் அப்படியே இருக்கும்.
4. இரண்டு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸிலும் மெயில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பெரிய அட்டாச்மென்ட் உள்ள சில மெயில்களை லோக்கலில் திறந்து பாருங்கள்.
5. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் சர்வரில் அழியுங்கள்.

அழித்தவை ட்ராஷுக்குப் போய் அங்கேயும் இடத்தை அடைக்கும். அதைக் காலி செய்த பிறகுதான் சர்வரில் பிடித்த இடம் குறையும்.

கரையோரம்:

மேலே சொன்னதோடு ஒன்று. ஜிமெயில் என்றால் ஃபோல்டராகத் தெரிவதெல்லாம் லேபிள். ஒரு லேபிளிலிருந்து மெயிலை எடுத்தால் அது 'ஆல் மெயில்'-இல் தொடர்ந்து இருக்கும், இடமும் குறையாது. மெயில் ஜிமெயிலின் ட்ராஷுக்குள் போக வேண்டும். அங்கே 30 நாள் கழித்துத் தானாக அழியும், அவசரம் என்றால் நீங்களே காலி செய்யலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியும் டிரைவ், போட்டோஸ் ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான் என்பதால், மெயிலை அழிக்கும் முன் இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இப்போது 11 ஜிபி விஷயம். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலையும் வரிசையாக ஒரே ஃபைலில் எழுதும். இதுதான் எம்பாக்ஸ் முறை. ஒரு மெயிலை அழித்தால் 'அழிந்தது' என்று குறி மட்டும் விழும், அதன் எழுத்துகள் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காம்பேக்ட் கொடுத்தால்தான் அவை போகும்.

காம்பேக்ட் செய்யும்போது மிஞ்சும் மெயில்களை வைத்துப் புதிய ஃபைல் ஒன்றை எழுதி, அது முடிந்த பிறகே பழையதை மாற்றும். ஆகவே டிஸ்க்கில் அந்த ஃபோல்டரின் அளவுக்காவது காலி இடம் வேண்டும், உங்களுக்கு 11 ஜிபிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்டர்பேர்டை மூடாதீர்கள். லேப்டாப் தூங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு மெயில் பட்டியல் குழம்பியிருந்தால், ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர். லோக்கல் ஃபோல்டரில் அது .எம்எஸ்எஃப் என்ற அட்டவணை ஃபைலை மட்டும் புதிதாகக் கட்டும், மெயிலைத் தொடாது. ஐமேப் ஃபோல்டரில் ரிப்பேர் கொடுத்தால் சர்வரிலிருந்து மீண்டும் இறக்கத் தொடங்கும். இணைப்பு வேகமாக இருக்கும்போது செய்யுங்கள்.

சாம்பல்புறா:

இவ்வளவு எதற்கு? ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸ் → ரிட்டென்ஷன் பாலிசி, 1,825 நாளுக்கு மேற்பட்டது போகட்டும் என்று போட்டால் தானாகவே நடக்குமே.

மரப்பெட்டி:

@சாம்பல்புறா, அது ஆர்க்கைவ் இல்லை, அழிப்பு. ஐமேப் கணக்கில் சர்வரில் உள்ள மூலமும் சேர்ந்து போய்விடும். பழைய மெயில் வேண்டும் என்று கேட்பவருக்கு அதைச் சொல்லாதீர்கள். தானாக நகர வேண்டும் என்றால் மெசேஜ் ஃபில்டரில் 'ஏஜ் இன் டேஸ்' 1,825-ஐவிட அதிகம் என்று நிபந்தனை வைத்து, செயலாக லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்துவதைக் கொடுக்கலாம். கையால் ஓட்டும் ஃபில்டராகவே வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஒரு சின்ன ஃபோல்டரில் ஓட்டிப் பாருங்கள்.

வடகாற்று:

ஆண்டுவாரியாக இறங்கிக்கொண்டிருக்கிறது, எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. சர்வரில் அழிக்கும் முன் வேறு ஏதாவது கவனிக்கணுமா? அட்டாச்மென்ட்களே பாதி இடம் என்று நினைக்கிறேன்.

கரையோரம்:

சர்வரில் அழித்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. அழிக்கும் முன்பே வெளி டிஸ்க்கில் இன்னொன்று எடுங்கள். ஹெல்ப் → ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால் ப்ரொஃபைல் ஃபோல்டரை (மெயில், செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் இடம்) திறக்கும் பொத்தான் இருக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி பாதி எழுதிய நிலையில் வரலாம். வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். ப்ரொஃபைலை கிளவுட் சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில ஜிபி மேலே ஏறும், ஃபைல் பூட்டும் சண்டையும் வரும்.

ஆன்டிவைரஸையும் பாருங்கள். ஒரே ஒரு மெயிலில் வைரஸ் இருந்தாலும் முழு எம்பாக்ஸ் ஃபைலையும் தூக்கிக் குவாரன்டைனில் (தனியே பூட்டி வைக்கும் இடம்) போட்டுவிடும், பார்க்கும்போது ஃபோல்டரே காணாமல் போயிருக்கும். ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

அட்டாச்மென்ட் விஷயத்தில் உங்கள் ஊகம் சரியாகத்தான் இருக்கும். மெயிலுக்குள் அவை பேஸ்64 ஆக (வெறும் எழுத்துகளாக) மாற்றப்பட்டு இருப்பதால் அசல் ஃபைலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். மெயில் பட்டியலில் சைஸ் நெடுவரிசையைக் கொண்டுவந்து பெரியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள், முதல் 200-ஐப் பார்த்தாலே எங்கே குறைக்கலாம் என்று தெரிந்துவிடும். அட்டாச்மென்ட்டில் ரைட் கிளிக் → டிட்டாச் கொடுத்தால் டிஸ்க்கில் சேமித்துவிட்டு மெயிலில் அந்த ஃபைலுக்கான லிங்க் மட்டும் விடும். அந்த ஃபைலைப் பிறகு வேறிடத்துக்கு நகர்த்தினால் லிங்க் செத்துவிடும். டிஜிட்டல் கையெழுத்து உள்ள மெயிலில் டிட்டாச் வேண்டாம், கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றுவிடும்.

மரப்பெட்டி:

தேடலுக்கு: லோக்கல் ஃபோல்டர்ஸும் குளோபல் சர்ச்சில் வரும், செட்டிங்ஸில் இன்டெக்ஸிங் (தேடலுக்கு அட்டவணை போடுவது) இயங்கினால் போதும். இவ்வளவு மெயிலை ஒரே மூச்சில் கொட்டியதால் முதல் சில மணி நேரம் முடிவுகள் அரைகுறையாகத்தான் வரும். அதுவரை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் அழுத்தித் தேடுங்கள். பிடிஎஃப் ஆக மாற்றி வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஹெட்டர் விவரங்களெல்லாம் (மெயில் எந்த வழியாக வந்தது என்பது போன்றவை) போய்விடும், அந்த மெயிலுக்கு மறுபடி பதிலும் எழுத முடியாது. தனித்தனி ஃபைலாக வேண்டுமென்றால் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி ஆட்-ஆனில் .இஎம்எல் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.