மறு: 'கிரவுண்ட் பிராக்சிமிட்டி வார்னிங்' – 'தரைதட்டல் எச்சரிக்கை' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமானம் ஆபத்தான வகையில் தரையை நெருங்கினால் விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவிதான் 'கிரவுண்ட் பிராக்சிமிட்டி வார்னிங்'. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி இங்கே நடந்துவரும் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'தரை அணுகல் எச்சரிக்கை' என்று வைத்தால் சொல்லுக்குச் சொல் சரியாக வந்துவிடுகிறதே?

சொல் வந்துவிடுகிறது, பொருள் வரவில்லை. எனக்குத் தயக்கம் 'அணுகல்' மேல்தான். இறங்க வருகிற எந்த விமானமும் தரையை அணுகத்தான் செய்யும். இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கி வருவதை, அதாவது 'அப்ரோச்' என்பதையே நம்மில் பலர் 'அணுகல்' என்று எழுதுகிறோம். அப்படியானால் 'அணுகலின்போது அணுகல் எச்சரிக்கை ஒலித்தது' என்றால் வாசகருக்கு என்ன புரியும்?

இது வெறும் சொல் சிக்கல் இல்லை, கருவியைச் செய்தவர்களுக்கும் இருந்த சிக்கல். கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் இந்தக் கருவியை உருவாக்கும்போது, விமானம் வேண்டுமென்றே இறங்குகிறதா, தெரியாமல் இறங்குகிறதா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. ரேடியோ உயரமானி கீழே அலையை அனுப்பித் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். அதோடு இறங்குவேகம், சக்கரம் இறக்கியாயிற்றா, இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் விரிக்கும் ஃபிளாப் தகடுகளை விரித்தாயிற்றா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் குரல் கொடுக்கும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த, டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களுக்கு இந்தக் கருவி கட்டாயமானது.

ஆக, தரை பக்கத்தில் இருப்பது ஆபத்து அல்ல, தெரியாமல் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. நம் சொல் அந்தத் 'தெரியாமல்' என்பதைச் சுமக்க வேண்டும்.

இந்த வகை விபத்துக்கு விமானத்துறையில் 'கன்ட்ரோல்டு ஃபிளைட் இன்டு டெரெய்ன்' என்று நீளமான பெயர். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, விமானம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனாலும் நேராகப் போய் மலையில் முடிகிறது. இதற்கு முன்பு இங்கே வந்த 'கட்டுப்பாட்டுடன் கூடிய நிலமோதல்' என்ற பரிந்துரையை நானும் சில நாள் ஏற்றுக்கொண்டிருந்தேன். மலையைத் 'தரை' என்று சொல்ல மனம் வராது, ஆனால் குறிஞ்சியும் நிலம்தானே என்று நினைத்தேன். அப்புறம் 'நில மோதல்' என்று செய்தித் தலைப்பில் போட்டுப் பார்த்தேன். வரப்புத் தகராறில் இரு தரப்பு அடித்துக்கொண்டது போல இருந்தது.

நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 'கப்பல் தரைதட்டியது' என்று கடற்கரை ஊர்களில் இன்றும் சொல்கிறார்கள், செய்தித்தாளிலும் அப்படியே வரும். கப்பலில் ஓட்டை இல்லை, பாய் கிழியவில்லை, சுக்கானும் கையில்தான் இருக்கிறது. இருக்குமிடம் தப்பாகத் தெரிந்ததால் மணல் திட்டிலோ பாறையிலோ ஏறிவிட்டது. விமானத்துறைக்காரர்கள் நான்கு சொல் அடுக்கிச் சொல்வதும் இதைத்தானே? அதனால் அந்த விபத்துக்குத் 'தரைதட்டல்', கருவிக்குத் 'தரைதட்டல் எச்சரிக்கைக் கருவி'. சக்கரம் ஓடுபாதையைத் தொடுவதைத் 'தரைதொடல்' என்று வைத்துக்கொண்டால், விரும்பி நடப்பது தொடல், விரும்பாமல் நடப்பது தட்டல் என்று இரண்டும் தெளிவாகப் பிரியும்.

ஒப்புமை மேலோட்டமானது அல்ல என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்தை நோக்கிப் போக நினைத்து, விமானிகள் கணினியில் 'ஆர்' என்று ஓரெழுத்தைக் கொடுத்தார்கள். கணினி எடுத்துக்கொண்டதோ அதே எழுத்தில் பொகோட்டா பக்கம் இருந்த வேறொரு நிலையத்தை. வேறு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கப்பலைத் திருப்பியது போல, விமானம் இடப்பக்கம் மலைகளுக்குள் திரும்பிவிட்டது. மோதலுக்குச் சுமார் 12 விநாடிக்கு முன் எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் எஞ்சினுக்கு முழு உந்து கொடுத்து மூக்கை உயர்த்தினார்கள். ஆனால் வேகம் குறைக்க இறக்கைமேல் எழுப்பியிருந்த தகடுகளை மடக்க மறந்துவிட்டார்கள். 159 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் நால்வர்.

பழைய கருவி கீழே மட்டும் பார்க்கும், எதிரே செங்குத்தாக எழும் மலை அதற்குத் தெரியாது. அதன்பின் பரவிய புதிய வகை, உலகின் நில வரைபடத்தையே உள்ளே வைத்துக்கொண்டு முன்னால் வருவதைச் சொல்கிறது. கோபுரம், புகைபோக்கி, ஆன்டெனா போன்றவற்றுக்கும் அதில் தனிப் பட்டியல் உண்டு. இவற்றுக்கு இங்கே பரிந்துரையாக வந்த 'உயரத் தடை' என்ற பெயர் வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி வீடு கட்டுபவர்களுக்கு அது கட்டட உயரக் கட்டுப்பாடு என்றே படும். 'வழித்தடை' போதும்.

இனி, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 'எச்சரிக்கை' என்ற சொல். விமானி அறையில் 'காஷன்', 'வார்னிங்' என்று இரண்டு படி உண்டு. நாம் இரண்டையும் 'எச்சரிக்கை' என்றே எழுதுகிறோம். முதலாவது மஞ்சள் விளக்கு. ஏதோ சரியில்லை, பாதையைப் பார்த்துத் திருத்து என்று பொருள். இரண்டாவது சிவப்பு. அங்கே யோசிக்க இடமில்லை. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கியை விலக்கி, முழு உந்து கொடுத்து, இறக்கைகளை மட்டப்படுத்தி, மூக்கை உயர்த்தி, தகடுகளை மடக்கி ஏற வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஆபத்தில்லை என்று கண்ணால் தெளிவாகத் தெரிந்தால் ஒழிய வேறு வழியில்லை என்றுதான் பயிற்சி. 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சாலக் மலையில் சுகோய் சூப்பர்ஜெட் என்ற ரஷ்யப் பயணிகள் விமானம் மோதி 45 பேர் இறந்தபோது, முதல் குரல் 38 விநாடிக்கு முன்பே வந்திருந்தது. தரவில் ஏதோ கோளாறு என்று நினைத்து விமானி கருவியை அணைத்துவிட்டார். முதல் குரலிலிருந்து 24 விநாடிக்குள் ஏறத் தொடங்கியிருந்தாலும் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் செய்த பாவனைப் பறப்பு (சிமுலேட்டர் சோதனை) காட்டியது. செய்யவேண்டியது இப்படி இரண்டாகப் பிரியும்போது ஒரே சொல்லை வைத்து எழுதுவது தவறு. முதல் படிக்குக் 'கவனக்குரல்', இரண்டாவதற்கு 'எச்சரிக்கைக்குரல்' என்று முன்வைக்கிறேன்.

சிவப்புப் படியில் கருவி சொல்லும் 'புல் அப்' என்பதை 'மேலே இழு' என்று எழுத வேண்டாம். எதை இழுப்பது? 'மேலேறு' என்றால் போதும்.

> மங்களூரு விபத்தையும் தரைதட்டல் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. 2010 மே 22 அன்று 158 பேர் இறந்த அந்த விபத்தில் விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அது 'ஓடுபாதை கடத்தல்'... இல்லை, 'கடத்தல்' என்றாலே ஆள்கடத்தல் நினைவு வரும், 'ஓடுபாதை தாண்டல்' என்றே இருக்கட்டும். ஆனால் அந்த விமானத்திலும் இறங்கும்போது இதே கருவி இறங்குவேகம் மிகை என்றும் மேலேறு என்றும் பலமுறை சொன்னது. துணை விமானியும் இறங்க வேண்டாம், திரும்ப மேலே போவோம் என்று சொல்லியிருந்தார். ஆகவே கருவியின் பெயர் அந்தச் செய்தியில் வரலாம், விபத்தின் வகைப்பெயராக வரக்கூடாது.

தரைதட்டல் என்பது மென்மையாக ஒலிக்கிறது, கப்பல் சிக்கி நிற்பது வேறு, விமானம் சிதறுவது வேறு என்று யாராவது மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். அப்படித் தோன்றுபவர்கள் இதே அளவு சுருக்கமான, 'தெரியாமல்' என்ற பொருளை விடாத வேறு சொல் ஒன்றைத் தாருங்கள், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்கிறேன். 'அணுகல்' மட்டும் வேண்டாம்.

அன்புடன்