வெளிச்சுவர்ப் பூச்சும் சன்னல்களும் மாற்றியவர்களின் அனுபவங்கள்: மும்பை

செம்பூரிலிருந்து

எங்கள் சொசைட்டியின், அதாவது கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின், கட்டடம் 1980களில் எழுந்தது. மேற்குப் பக்கம் எதிரே உயரமான கட்டடம் எதுவும் இல்லாததால், தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து நேராக எங்கள் சுவரின்மீதே அறையும். ஜூன் முடிவதற்குள் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே வண்ணம் கொப்புளிக்கும், ஆகஸ்டில் உப்புப் பூக்கும், தீபாவளியை ஒட்டிச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்போம், அடுத்த ஜூனில் மறுபடியும் தொடங்கும். மும்பையில் குடியிருக்கும் யாருக்கும் இது புதிய செய்தியன்று. இம்முறை வெளிப்பூச்சு முழுவதையும் செதுக்கியெடுத்து மாற்றுவதென்று பொதுக்குழுவில் முடிவானபோது, சாரம் நிற்கும் காலத்திலேயே, அதுவும் புதுப்பூச்சு ஏறுவதற்கு முன்பே, சன்னல்களையும் மாற்றிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். நடந்ததை எழுதுகிறேன், உங்கள் கட்டடங்களில் எப்படி நடந்தது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புத் தணிக்கை செய்தாக வேண்டும். எங்களிடம் தணிக்கைக்கு வந்த பொறியாளர் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், வெற்றொலி எழுந்த இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டார். மேற்குச் சுவரில் வட்டங்கள் ஏறத்தாழ எல்லாச் சன்னல்களின் கீழ்மூலைகளிலும் கூடியிருந்தன. சுவர் முழுவதும் ஒரே அளவில் நனைகிறது, ஆனால் பூச்சு கழன்றிருப்பது சன்னலின் ஓரத்தில்தான் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். அதன் பிறகும் குழுவில் பலருக்குச் சன்னல் தனி வேலை, பூச்சு தனி வேலை என்ற எண்ணம் போகவில்லை. செலவுக் கணக்கும் அப்படித்தான் பிரிந்திருந்தது: வெளிச்சுவர் சொசைட்டியின் பொறுப்பு, சன்னல் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகவே ஒப்பந்தக்காரர்களும் இருவர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த விரற்கடை இடைவெளியை இரண்டு ஒப்பந்தங்களில் எதுவும் குறிப்பிடவில்லை.

எங்கள் வரிசையில் சிலர் என்னோடு சேர்ந்து சன்னலை முதலில் மாற்றினோம். பழைய இரும்புச் சட்டத்தைப் பெயர்த்தபோது சுவரின் ஓரம் நன்றாகவே உடைந்தது. அதற்காகத்தான் பூச்சுக்கு முன் செய்தோம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டார்கள். கீழே இருந்த உடைந்த மொசைக் திண்டை எடுத்துவிட்டு, கிரானைட் பலகையை வெளிப்புறமாகச் சற்றே சாய்த்து, சுவரைத் தாண்டி நீட்டிப் பதித்தார்கள். நீட்டிய பகுதியின் அடியில் ஒரு கீற்று வெட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விளிம்பில் வழியும் தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது திண்டு ஓரிடத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருந்ததைக் காட்டி, அதைத் திரும்பவும் பதிக்கச் சொன்னோம். கொத்தனார் முணுமுணுத்தார், ஆனால் செய்தார்.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் என்ன நிரப்புவது என்பதில்தான் வாக்குவாதம் நீண்டது. வழக்கமாகச் சிமென்ட் கலவையை அப்பிவிட்டு, மேலே வெள்ளை சிலிக்கானை ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அலுமினியம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சிமென்ட் அதனோடு விரியாது. ஓரிரு கோடையில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். எனவே உள்ளே நுரைக்கயிறு வைத்து, அதன்மேல் வெளிப்புறத்துக்கான நியூட்ரல் வகை சிலிக்கானை இழுக்கச் சொன்னோம். புளிக்காடி வாசனை அடிக்கும் மலிவு வகை சிமென்டில் சரியாக ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே மூக்கால் கண்டுபிடித்துவிடலாம்.

பூச்சு முடிந்த பிறகு சன்னலை மாற்றிய வீடுகளில், புதுப்பூச்சின் ஓரத்தை உடைத்துத்தான் பழைய சட்டத்தை எடுக்க முடிந்தது. ஒட்டுப்போட்ட இடங்கள் முதல் மழைக்கே ஈரம் காட்டின. பூச்சு ஒப்பந்தக்காரர் சன்னல்காரரைக் கைகாட்டினார், சன்னல்காரர் பூச்சைக் கைகாட்டினார். இன்னொரு வீட்டில் வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தும் தண்ணீர் உள்ளே வழிந்தது. பார்த்தால், வண்ணம் பூச வந்தவர் நகரும் சன்னலின் கீழ் டிராக்கில் தண்ணீர் வெளியேற இருந்த வடிதுளைகளை ஏதோ ஓட்டை என்று எண்ணிச் சுவருக்குப் பூசும் புட்டிக் கலவையால் நேர்த்தியாக அடைத்துவிட்டிருந்தார்.

மாட்டுங்காவிலிருந்து

ஐயா, உங்கள் சன்னல் இரும்பு, துருப்பிடித்தது, ஆகவே மாற்றினீர்கள். மாற்றாமல் காப்பாற்ற முடிந்த கதையையும் இங்கே சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாங்கள் இருப்பது ஐந்து தோட்டப் பகுதியில், சுதந்திரத்துக்கு முந்தைய கட்டடம். மூலையை வளைத்துக் கட்டிய பால்கனியும், சன்னல்களின் மேலே புருவம்போல் சுற்றிவரும் சஜ்ஜாவுமாக ஆர்ட் டெக்கோ பாணியில் எழுந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. மரைன் டிரைவிலும் ஓவல் மைதானத்தை ஒட்டியும் இருக்கும் அதே பாணிக் கட்டடங்களுக்கு 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மாட்டுங்காவுக்கு அந்தக் காப்பு கிடையாது, எனவே இங்கே எது நிற்கும் எது போகும் என்பதைச் சொசைட்டிக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் கூட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி அலுமினியம் நகரும் சன்னல் என்ற தீர்மானம் வந்தது. நகரும் சன்னல் எவ்வளவு திறந்தாலும் பாதித் திறப்புதான், மே மாதப் புழுக்கத்தில் தேக்குக் கதவுகளை இரு பக்கமும் விரித்தால் வரும் காற்று அதில் வராது என்று நான் எதிர்த்தேன். சிலர் சிரித்தார்கள், ஏசி இருக்கிறதே என்றார்கள். பழைய மரவேலை தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, இற்றுப்போயிருந்தது கதவுகளின் அடிச்சட்டம் மட்டும்தான் என்று தெரிந்தது. அவற்றை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய தேக்கிலேயே புதுச்சட்டம் இணைத்தார். பித்தளைக் கீல்களும் கொக்கிகளும் கழுவித் துடைத்ததும் பழையபடி மின்னின.

கசிவு நின்றது இதனால் மட்டுமன்று. சஜ்ஜாவின் மேற்பரப்பு வெடித்து, சுவரோடு சேரும் மூலையில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையைக் கலவையால் வளைவாக நிரப்பி, நீர்க்காப்புப் பூச்சு ஏற்றி, சாய்வைச் சரிசெய்த பிறகுதான் உள்சுவர் காய்ந்தது. அகலமான சஜ்ஜா இருந்ததால்தான் இத்தனை பருவமழைகளை அந்தத் தேக்கு தாங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சன்னலை மட்டும் மாற்றியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முலுண்டிலிருந்து

நான் எழுதப்போவது மும்பை வேலையைப் பற்றியன்று. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது வெளிச்சுவர்ப் பலகைகளையும் சன்னல்களையும் ஒரே சமயத்தில் மாற்றினார்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செம்பூர் நண்பர் சொல்லும் அந்த இடைவெளியை அங்கே எப்படிக் கையாளுகிறார்கள் என்பது நமக்கும் பயன்படும்.

அங்கே வீட்டுச்சுவர் மரச்சட்டம். அதன்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் தண்ணீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியேவிடும் ஒரு மெல்லிய உறை, அதற்கும் மேலேதான் சைடிங் எனப்படும் நீளப் பலகைகள். வீட்டில் பொருத்தியது வினைல் என்னும் பிளாஸ்டிக் வகை. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்தப் பலகைகளை அவர்கள் இறுக்கி அறையவில்லை. ஆணித்துளைகள் நீளவாக்கில் இருக்கின்றன. ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மெல்லிய நாணயம் நுழையும் அளவு விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டரை அடிப் பலகை ஒன்று குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலம்வரை நீளவும் சுருங்கவும் செய்யுமாம். இறுக்கினால் கோடையில் நெளிந்துவிடும். பொருத்திய பலகையைக் கையால் தள்ளினால் இடவலமாக நகர வேண்டும், அதுதான் சோதனை.

பலகைக்குப் பின்னால் தண்ணீர் போகத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டே அங்கே வேலையைத் தொடங்குகிறார்கள். சன்னல் திறப்பின் அடிப்பகுதியில் முதலில் நீர்த்தடுப்பு நாடாவை ஒட்டினார்கள். பிறகு சன்னலை வைத்து, பக்கவாட்டு நாடாக்கள், அவற்றின்மேல் தலைப்பக்க நாடா, எல்லாவற்றுக்கும் மேலே உறையின் மடிப்பைக் கீழே இறக்கி மூடினார்கள். ஓட்டுக்கூரையில் மேல்வரிசை ஓடு கீழ்வரிசையின்மீது படிவது போன்ற அதே ஒழுங்கு. சன்னல் விளிம்பின் பின்னே சிலிக்கானைப் பக்கங்களிலும் தலையிலும் மட்டுமே இழுத்தார்கள், அடிப்பக்கத்தை வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற அதுவே வழி. மறந்துவிட்டார்களோ என்று நான் சுட்டிக்காட்டப் போக, மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். நம் சன்னலின் வடிதுளை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

வீடு 1978க்கு முன் கட்டியது என்பதால் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டில் பழைய சன்னலைப் பெயர்ப்பதற்கு அதற்கான சான்றிதழ் பெற்றவர்களே வர வேண்டும், தரையில் விரிப்பு விரித்துத் தூசி பரவாமல் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். விற்பனையாளர்கள் மட்டும் நம்மூர்க்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். முதலில் வந்த ஒருவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று இரவு வெகுநேரம் நகரவேயில்லை. வீட்டுக்கு வந்து செய்யும் இத்தகைய விற்பனையை மூன்று வேலைநாள்களுக்குள் ரத்துசெய்யலாம் என்பது கூட்டாட்சி அரசின் விதி. மருமகன் அதை எடுத்துச் சொன்னதும் அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

சயானிலிருந்து

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் சொசைட்டி மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டை ஒரு முழுப் பருவமழை கழியும்வரை நிறுத்திவைத்தது, அந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. மழை வருமுன் முடித்துவிடுவோம் என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11, ஆனால் 2025இல் மே 26ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த ஆண்டு மே இறுதிவரை நாள் குறித்திருந்த வேலைகளில் எங்களுடையதும் ஒன்று; மேற்குச் சுவரின் பாதி, செங்கல் தெரிந்தபடி நீலத் தார்ப்பாய்க்குள் நின்றது.

அந்தேரியிலிருந்து

கட்டடப் பழுதுபார்ப்பில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மேலே எழுதியவர்கள் தொடாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக் கிரில். பூந்தொட்டி, தண்ணீர் டிரம், பழைய சைக்கிள் எல்லாம் அதில் ஏறும். அதைத் தாங்கும் ஆணிகள் சஜ்ஜாவிலும் சுவரிலும் துளையிட்டுப் போட்டவை. அந்தத் துளைகளின் வழியே தண்ணீரும், கடற்காற்றின் உப்பும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். வெளிப்பூச்சு மாற்றும்போது கிரில்களைக் கழற்ற மறுக்கும் வீட்டுக்காரர்களுக்காகச் சுவரின் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பூசிய கட்டடங்களைக் கண்டிருக்கிறேன். விட்ட இடத்திலேயே மறுபடி கசியும், சந்தேகமே வேண்டாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில், வெடிப்பைத் தடுக்கும் கோழிவலையைப் பதிக்காமல் பூசுவதும் இதே வகை அலட்சியம்.

அடுத்தது, பழைய பால்கனித் தடுப்புகளிலும் மொட்டைமாடிக் கொட்டகைகளிலும் இருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் தகடு. இதை உடைத்து எறிவதும் கிரைண்டரால் அறுப்பதும் கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய்வரை கொண்டுவரும். நனைத்துவிட்டு, ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். கூலியாள் முகத்தில் கட்டியிருக்கும் துணி இந்தத் தூசியைத் தடுக்காது.

பூச்சே வேண்டாம், பளபளக்கும் ஏசிபி எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகட்டால் சுவரை மூடிவிடலாம் என்று ஆசைகாட்டுபவர்களும் இப்போது வருகிறார்கள். தகட்டின் நடுவில் இருக்கும் பொருள் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் இறந்த தீ, பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட அத்தகைய தகடுகளின் வழியேதான் வெளிச்சுவர் முழுவதும் பரவியது. தவிர, கசிவைச் சரிசெய்யாமல் மேலே தகடு மூடினால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவே.

கடைசிப் பணத்தைக் கொடுக்குமுன், சாரத்தை இறக்குமுன், குழாய்த் தண்ணீர்ச் சோதனை ஒன்று செய்யுங்கள். முதலில் சன்னலின் கீழ்த்திண்டில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் விளக்குடன் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, சற்று நேரம் பொறுத்துப் பக்கங்களுக்கும், பிறகு தலைப்பகுதிக்கும், இறுதியாகச் சஜ்ஜாவுக்கும் ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எந்த இணைப்பில் கசிகிறது என்று பிரித்தறிய முடியாது. பூச்சு ஒப்பந்தக்காரரும் சன்னல்காரரும் அப்போது இருவருமே நேரில் இருந்து, ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். கோடையில் குடிநீர் வெட்டு வரும் பகுதிகளில் இதற்கு டேங்கர் தண்ணீர் தேவைப்படும்; அந்தச் செலவையும் தொடக்க மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.