பொருள்: அசிங்க்ரனஸ் சேமிப்புக்கு 'ஒத்திசைவற்ற' பொருந்துமா?

> 'ஒத்திசைவற்ற சேமிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான் ஐயா. ஆனால் ஃபயர்ஸ்டோர் என்ற கூகுளின் தரவுத்தளத்தில் அது குழப்பிவிடும். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடை, அன்றன்றைய விலையைச் செல்பேசியில் பதிகிறது என்று வையுங்கள். நெட் இல்லாவிட்டாலும் பதிவு உடனே செல்பேசியிலேயே இருக்கும் தற்காலிகச் சேமிப்பில் (கேஷில்) ஏறிவிடும், திரையிலும் தெரியும். ஆனால் எழுதும் கட்டளை தரும் பிராமிஸ் (முடிவு பிறகு வரும் என்ற உறுதி), சர்வர் ஒப்புக்கொண்ட பிறகுதான் நிறைவேறும். முடிவுக்காக நிரல் நிற்காமல் போவது ஒரு நிலை; அசிங்க்ரனஸ் என்பது இதுதான். பதிவு இன்னும் சர்வரோடு ஒத்திசையாமல் இருப்பது வேறொரு நிலை. 'ஒத்திசைவற்ற' என்றால் படிப்பவர் இரண்டாவதைத்தான் நினைப்பார்.

அதனால் முதலாவதற்குக் 'காத்திராச் சேமிப்பு', இரண்டாவதற்கு 'ஒத்திசையாப் பதிவு' என்கிறேன். முடிவு வரும்வரை நிற்கச் சொல்லும் அவெயிட்டுக்குக் 'காத்திரு' தானாக அமைகிறது. (சேமி பொத்தானில் காத்திருந்துவிட்டுத் திரையை மூடும்படி எழுதினால், நெட் வரும்வரை சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.)

ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும் நெஸ்டடுக்கு 'உள்ளடுக்கு'. பூ என்ற மேப்புக்குள் (பெயரும் மதிப்புமாக அமைந்த தொகுதி) மல்லிகை, பிச்சி, முல்லை; ஒவ்வொன்றுக்குள்ளும் விலை, எடை. மல்லிகை விலையை மட்டும் மாற்ற, பூ மேப்பை முழுதாக அப்டேட் கட்டளையில் கொடுத்தால் பிச்சியும் முல்லையும் காணாமல் போகும். 'பூ.மல்லிகை.விலை' என்று புள்ளிப் பாதை தர வேண்டும். இதே பாதையை, இருப்பதோடு சேர்த்தெழுதும் மெர்ஜ் தேர்வோடு செட் கட்டளையில் கொடுத்தால் அது பாதையாகாது. பெயரிலேயே புள்ளி உள்ள புதுப் புலம் (ஃபீல்டு) முளைக்கும். அங்கே மேப்பாகவே கொடுக்க வேண்டும். அரேக்குள் (வரிசைப் பட்டியல்) நேரடியாக அரே வைக்க முடியாது.

---

அண்ணே, 'காத்திராச் சேமிப்பு' எனக்குச் சம்மதம். 'உள்ளடுக்கு' என்பதை மேப்போடு நிறுத்துவோம். ஓர் ஆவணத்தின் (டாக்குமெண்ட்) கீழே தனியாக இருக்கும் தொகுப்பான சப்கலெக்‌ஷனையும் அதே சொல்லால் அழைத்தால், ஆவணத்தைப் படித்ததும் அதுவும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பார்கள், வராது. அதற்குக் 'கிளைத்தொகுப்பு' என்கிறேன்.

வேறுபாடு வடிவமைப்பிலும் உதைக்கும். உள்ளடுக்குக்கு 20 நிலை எல்லை, ஆவணம் முழுவதற்கும் 1 மெபிபைட். கடையின் ஒரே ஆவணத்துக்குள் நாள்தோறும் அடுக்கிக்கொண்டே போனால், எல்லையைத் தொட்டதும் எழுதுவது தோற்கும். நாளுக்கு ஓர் ஆவணமாகக் கிளைத்தொகுப்பில் வைப்பதே சரி. கடை ஆவணத்தை அழித்தால் உள்ளடுக்கும் சேர்ந்து அழியும், கிளைத்தொகுப்பு அழியாது. அதன் ஆவணங்களைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும்.