தாலுகா கோர்ட்டுக்குக் கட்டடம், ஆள், கழிப்பறை: மனுவை யாருக்கு எழுதுவது?

தென்பெண்ணை:

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குள் ஒரு தாலுகா கோர்ட். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். முன்சீப், மாஜிஸ்திரேட் இரண்டும் ஒரே நீதிபதி. கட்டடம் வாடகை. ரெக்கார்ட் ரூம் சுவரில் ஓதம் ஏறி, அடுக்கின் கீழ்த்தட்டில் உள்ள வழக்குக் கட்டுகளைக் கரையான் தின்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. டைப்பிஸ்ட் இடம் காலி. பக்கத்துக் கோர்ட்டிலிருந்து சில நாள் மட்டும் ஆள் அனுப்புகிறார்கள், நகல் கேட்டால் இழுத்துக்கொண்டே போகிறது. யு.பி.எஸ். பேட்டரியும் செத்துவிட்டது.

பார் அசோசியேஷனில் தீர்மானம் போட்டு அனுப்பலாம் என்று முடிவு. யாருக்கு என்பதில்தான் சண்டை. நீதித்துறை தனி அதிகாரம், ஐகோர்ட்டே பணம் ஒதுக்கும் என்கிறார் ஒருவர். மத்திய அரசு 9,000 கோடி ஒதுக்கியிருக்கிறது, டெல்லிக்கே எழுதுவோம் என்கிறார் இன்னொருவர். நாம் கட்டும் கோர்ட் ஃபீயிலேயே இதையெல்லாம் செய்யலாமே என்பது மூன்றாமவர் வாதம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிரஸ்தார்:

இப்படியே ஒரே மனுவாக எழுதி மூன்று இடத்துக்கும் அனுப்பினால், மூன்று இடத்திலிருந்தும் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று முத்திரை குத்தி, கடைசியில் உங்கள் முதன்மை மாவட்ட நீதிபதி அலுவலகத்துக்கே வந்து சேரும். அதனால் முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உச்ச நீதிமன்ற நிர்வாகச் செலவு அரசியல் சாசனம் 146(3) பிரிவின்படி மத்திய தொகுப்பு நிதியின் (அரசின் வருவாயெல்லாம் சேரும் பொது நிதி) மேல் நேரடியாக விழுகிறது. ஐகோர்ட்டுக்கு 229(3); அது மாநிலத் தொகுப்பு நிதி. இவற்றை அவையில் விவாதிக்கலாம், ஓட்டுக்கு விட முடியாது. உங்கள் நண்பர் சொல்லும் ‘தனி அதிகாரம்’ பணத்தைப் பொறுத்தவரை அந்த அளவோடு சரி. கீழ்க் கோர்ட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 235ஆவது பிரிவு நிர்வாகக் கட்டுப்பாட்டை ஐகோர்ட்டுக்குத் தருகிறது. பணமோ தமிழ்நாடு பட்ஜெட்டில் 3ஆம் எண் மானியக் கோரிக்கை (துறைக்கான பணத்தை அரசு சட்டமன்றத்தில் கேட்பது), ‘நீதி நிர்வாகம்’, கணக்குத் தலைப்பு 2014. மற்றத் துறைகளைப் போலவே சட்டமன்றத்தில் ஓட்டுக்கு வருவது. கோப்பு போவது உள்துறையின் நீதிமன்றங்கள் பிரிவுக்கும், அங்கிருந்து நிதித்துறைக்கும். கடிவாளம் ஐகோர்ட் கையில், கொள்ளுப் பை நிதித்துறை கையில்.

கோர்ட் ஃபீ விஷயம் வக்கீல்களே அடிக்கடி குழப்பிக்கொள்வது. முத்திரைத்தாளாகக் கட்டுவது 0030 தலைப்பில் அரசு வருவாய். மாஜிஸ்திரேட் போடும் அபராதம் 0070. இரண்டும் தொகுப்பு நிதிக்குள் போய்க் கலந்துவிடும், வசூலித்த கோர்ட்டுக்குப் பங்கு கிடையாது. 2017இல் வழக்கின் மதிப்பு வாரியான கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்ததை வைத்துக்கொண்டு ‘அதனால்தான் கோர்ட்டுக்குப் பணமில்லை’ என்று சிலர் பேசுகிறார்கள். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

டெல்லித் திட்டம் உண்மைதான். நீதித்துறைக் கட்டமைப்புக்கான மத்திய உதவித் திட்டம் 1993-94இலிருந்து இருக்கிறது. 2021-26க்கு மொத்தம் 9,000 கோடி, அதில் மத்தியப் பங்கு 5,307 கோடி. தமிழ்நாட்டுக்கு 60:40, அதாவது நூறு ரூபாய் வேலைக்கு மாநிலம் 40 போட வேண்டும். முதலில் கோர்ட் ஹாலும் நீதிபதி குடியிருப்பும் மட்டும்தான். 2021க்குப் பிறகு வக்கீல்கள் அறை, கழிப்பறைத் தொகுதி, கணினி அறை சேர்ந்தன. சம்பளம், வாடகை, பழுதுபார்ப்பு எதுவும் இதில் வராது. எந்த ஊர் என்று தேர்வு செய்வதும் டெல்லி அல்ல. ஐகோர்ட்டும் மாநில அரசும் சேர்ந்து அனுப்பும் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணினி, ஸ்கேனர், இ-ஃபைலிங் வேறு பை: இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டம், 7,210 கோடி, 2023இல் ஒப்புதல் பெற்றது, முழுக்க மத்திய நிதி. இதற்கு ஐகோர்ட்டில் தனியாக ஒரு மத்தியத் திட்ட ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார்.

ஆக, நான்கு கடிதம் எழுதுங்கள். கட்டடமும் நிலமும் ஒன்று, பணியிடம் ஒன்று, கணினி ஒன்று, கழிப்பறை தனியாக ஒன்று. நான்கும் உங்கள் நீதிபதி வழியாக முதன்மை மாவட்ட நீதிபதிக்கு, அங்கிருந்து ஐகோர்ட் தலைமைப் பதிவாளருக்கு. மாவட்டத்துக்குப் பொறுப்பான ஐகோர்ட் நீதிபதிக்கு (நிர்வாக நீதிபதி) நகல். ஒரே கடிதத்தில் எல்லாம் எழுதினால் முதல் பத்தியைப் பார்க்கும் பிரிவு எடுத்துக்கொள்ளும், மீதி மூன்றும் அந்தக் கோப்பிலேயே தூங்கும்.

எஸ்டிமேட்:

கட்டடப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வாடகைக் கட்டடத்தில் பொதுப்பணித்துறை கை வைக்காது. சுவர் ஓதத்தைச் சரி செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். அவர் ஏன் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்தக் காலம் முடிந்து பழைய வாடகையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். புதுப்பிக்க இரண்டு சான்று வேண்டும்: அரசுக் கட்டடம் காலியாக இல்லை என்று ஒன்று, வாடகை நியாயமானது என்று பொதுப்பணித்துறை தரும் சான்று ஒன்று. பேச்சு வழக்கில் ரெண்ட் சர்டிபிகேட். செயற்பொறியாளர் அலுவலகத்தில் அந்தச் சான்று தேங்கினால் வாடகை ஏறாது, வாடகை ஏறாமல் வீட்டுக்காரர் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்க மாட்டார். பழுது வேலையைப் புது ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதி வாங்குவதே சுலபமான வழி.

அதுவரை கட்டுகளைக் காப்பாற்ற: மர அடுக்கை வெளியே எடுத்துவிட்டு இரும்பு ரேக், தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. கரையான் சுவரோடு ஒட்டித்தான் ஏறும். 

சொந்தக் கட்டடம் என்றால் எல்லாமே நிலத்தில் ஆரம்பிக்கிறது. நிலம் கைக்கு வராமல் யாரும் எஸ்டிமேட் போட மாட்டார்கள். தாசில்தார் அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு நிலத்தின் வகையும் எழுதியிருக்கும் பதிவேட்டைப் பாருங்கள். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ அல்லது ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருந்தால் நல்லது. மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் மாற்று நிலம் காட்ட வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நம் மாவட்டங்களில் இன்னொரு தொல்லை, காலி இடம் என்று காட்டுவதில் பல காப்புக்காட்டு எல்லையை ஒட்டியவை. காடு என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய ஒப்புதல் வேண்டும், வருடக்கணக்கில் போகும். மற்றொன்று கரடு. பார்க்க மேட்டு நிலமாக அழகாக இருக்கும், இரண்டடி தோண்டினால் பாறை. சோதனைக் குழி போட்டுப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டால் அஸ்திவாரத்திலேயே பணம் தீர்ந்து திருத்திய மதிப்பீடு கேட்டு மறுபடி சென்னைக்குப் போக வேண்டிவரும்.

அந்த வருடத்து விலைப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பீடு போடுவார்கள். நிர்வாக அனுமதி அரசாணையாக வருவதற்குள் பட்டியல் மாறிவிட்டால் தொகை போதாது. அதேபோல், லாக்கப், கைதிகளுக்குத் தனி வழி, நீதிபதிக்குத் தனி நுழைவு, சாய்தளம், சாட்சிகள் உட்கார இடம் எல்லாம் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். டெண்டர் முடிந்தபின் ‘இதையும் சேருங்கள்’ என்றால் வேலை நிற்கும்.

தண்ணீர்: நம் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. போரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொண்டு, குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பைப் பேரூராட்சியில் தனியாகக் கேளுங்கள்.

தென்பெண்ணை:

ரொம்ப நன்றி சார். எங்களுக்குக் காட்டியிருப்பது ஏரியை ஒட்டிய இடம்தான், அ-பதிவேட்டை நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன். டைப்பிஸ்ட் விஷயம் யாராவது சொல்லுங்கள். இடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஆள்தான் இல்லை.

பில் கிளார்க்:

இடம் ‘அனுமதிக்கப்பட்டிருக்கிறது’ என்பதை அரசாணையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். புதிய கோர்ட் தொடங்கும்போது பணியிடங்களைத் தற்காலிகமாகத்தான் அனுமதிப்பார்கள். அவற்றுக்கு அவ்வப்போது தொடர் நீட்டிப்பு ஆணை வாங்க வேண்டும். அந்த ஆணை தாமதமானால் இருப்பவருக்கே சம்பளப் பட்டியல் கருவூலத்தில் திரும்பி வரும். காலியிடத்தைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள்.

இடம் நிலையானது என்றால், டைப்பிஸ்ட், ஸ்டெனோ, இளநிலை உதவியாளர் மூவரும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழி. மாவட்ட நீதிமன்றம் காலியிட எண்ணிக்கையைச் சரியான நேரத்தில் அனுப்பியிருந்தால்தான் அடுத்த ஒதுக்கீட்டில் ஆள் வரும். இங்கே நடக்கும் பெரிய தவறு, பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ஆளைக் கடனாக வாங்கி ஓட்டுவதால் பட்டியலில் அது காலியாகவே தெரியாமல் போவது. கடிதத்தில் ‘டைப்பிஸ்ட் வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல், அரசாணை எண், இடம் காலியான தேதி, காலியிட அறிக்கையில் அது சேர்க்கப்பட்டதா என்ற கேள்வி, மூன்றையும் எழுதுங்கள். நகல் மனு எத்தனை நிலுவை என்ற எண்ணிக்கையும் சேர்த்தால் மறுக்க முடியாது.

பணக் காலண்டரையும் மனத்தில் வையுங்கள். அடுத்த வருட ஊதியத்துக்கான நம்பர் ஸ்டேட்மென்ட்டும் (எத்தனை பணியிடம், எவ்வளவு ஊதியம் என்ற பட்டியல்) செலவு மதிப்பீடும் கோர்ட்டிலிருந்து மேலே போவது பட்ஜெட்டுக்குப் பல மாதம் முன்பே. பிப்ரவரியில் வந்து நிற்கும் மனுவுக்கு அந்த வருடம் இடமில்லை. தளவாடம், ரேக், ஜெனரேட்டர் போன்றவற்றைப் பகுதி இரண்டு திட்டத்தில் (புதுச் செலவுகளுக்கான பட்ஜெட் பகுதி) கேட்கலாம், அதுவும் முன்கூட்டியே. நடுவில் வந்தால் துணை மதிப்பீடு (வருட நடுவில் சட்டமன்றத்தில் கேட்கும் கூடுதல் பணம்) ஒன்றுதான் வழி. மார்ச் 31 தாண்டினால் செலவழிக்காத ஒதுக்கீடு போய்விடும். ‘பணம் வந்தும் திரும்பிப் போச்சு’ என்று கேள்விப்படுவதில் பாதிக்குக் காரணம் சதி அல்ல. மார்ச் கடைசி வாரத்தில் ‘களஞ்சியம்’ என்ற அரசு பில் மென்பொருளில் பில் ஏற்ற உட்கார்ந்ததுதான்.

மத்தியப் பணத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று (பணம் உரிய வேலைக்குச் செலவானது என்ற சான்று) போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்தச் சான்று மாநிலம் முழுவதற்கும் சேர்த்துப் போவது. எங்கோ ஒரு மாவட்டத்தில் வேலை நின்றால் அதன் சூடு உங்கள் ஊர் வரைக்கும் வரும்.

பேட்டரிக்கு: வாரண்டியில் இருக்கிறதா என்று மாவட்ட நீதிமன்றக் கணினிப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் திட்டப் பணத்துக்காகக் காத்திருக்காமல் அலுவலகச் செலவுத் தலைப்பில் மாற்றக் கோருவதுதான் சீக்கிரம் நடக்கும்.

மொரப்பூர் ரோடு:

இவ்வளவு சுற்றுவதற்கு ஒரு பொதுநல வழக்குப் போட்டால் என்ன? 2025 ஜனவரி 15 அன்று ராஜீப் கலிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநங்கையருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவே போட்டிருக்கிறது.

பழைய சிரஸ்தார்:

அந்தத் தீர்ப்பு உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம், ஆனால் வழக்காக அல்ல. அதிலேயே ஒவ்வொரு ஐகோர்ட்டிலும் ஒரு நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைமைப் பதிவாளர், தலைமைச் செயலாளர், நிதித்துறை, பொதுப்பணித்துறைச் செயலாளர்கள், வக்கீல் சங்கப் பிரதிநிதி எல்லோரும் ஒரே மேஜையில். கட்டவும் பராமரிக்கவும் சுத்தமாக வைக்கவும் மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கழிப்பறைக் கடிதத்தை அந்தக் குழுவின் கவனத்துக்கு என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். வழக்குப் போட்டால் எதிர்மனுதாரர் ஐகோர்ட் நிர்வாகமே. பதில் மனுவுக்குக் கால அவகாசம் கேட்டே ஒரு பட்ஜெட் தாண்டிவிடும். குழு கைவிரித்தால் அப்புறம் வழக்கு.

வாடகைக் கட்டடம் என்பதால் அந்தக் கடிதத்தில் இடம் எங்கே என்றும் எழுத வேண்டும். வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் பின்புறத்தில் கட்டலாம், இல்லையென்றால் குழு ‘சொந்த இடம் வரட்டும்’ என்று தள்ளிவிடும். சம்மதக் கடிதத்தை இணைப்பாக வையுங்கள். இணைப்பில் வேண்டியவை: தேதியோடு புகைப்படம், ஒரு வேலை நாளில் வரும் பெண் வக்கீல்கள், ஊழியர்கள், கட்சிக்காரர்கள் தோராய எண்ணிக்கை, அறை அளவுகளோடு கையால் போட்ட ஒரு வரைபடம்.

தென்பெண்ணை:

கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் நகல் போடலாமா?

எஸ்டிமேட்:

கலெக்டருக்கு நிலக் கடிதம் மட்டும். நில மாற்ற ஆணைக்கு முன்பே நுழைவு அனுமதி கேளுங்கள், அது கிடைத்தால் அளவை, சோதனைக் குழி வேலைகளை ஆரம்பிக்கலாம். எம்.எல்.ஏ.வுக்கு 3ஆம் எண் கோரிக்கை விவாதத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள், கடித நகல் வேண்டாம்.